தடைக்காலம் இருந்தும் மீன் ஏன் பெருகவில்லை?

கேள்வி: வேலூர் மார்க்கெட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கடல் மீன் விலை ஏறிவிடுகிறது. விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை இருந்தும் கடல் ஏன் தேறவில்லை?

பதில்: விசைப்படகு கடல் தரையோடு இழுத்துப் போகும் பை போன்ற வலைதான் இழுவை மடி. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் புரியும். வாயை அகட்டிப் பிடிக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள். அடியில் ஈயக்குண்டோ சங்கிலியோ கட்டிய கயிறு. இவை தரையை உரசிக்கொண்டே போவதால் கடற்பஞ்சு, மென்பவளம், சிப்பி, புழு எல்லாம் பெயர்ந்துவிடும். சங்கராவும் கணவாயும் இரை தேடுவது அங்கேதான். கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிந்து அதை மூச்சுத் திணற வைக்கும். 61 நாளில் மீன் முட்டையிட்டுவிடும். ஆனால் பெயர்ந்த பவளம் வளர வருடக்கணக்கு ஆகும்.

என்னைக் கேட்டால், பெரிய கோளாறு மடியின் வால்பையில், அதாவது மீன் வந்து சேரும் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறது. சாதாரண வலையின் கண் சாய்சதுரம். இழுபடும்போது பாரத்தில் அது நீண்டு மூடிக்கொள்ளும். விரல் நீளக் குஞ்சுகூடத் தப்பாது. இறாலுக்காக இழுத்த மடியில் சங்காயம் என்கிற குப்பை மீனாக அது குவியும், மீன்தூளாகிக் கோழித் தீவனத்துக்குப் போகும். விட்டிருந்தால் அடுத்த வருடம் நம் ஊர் தராசில் ஏறியிருக்க வேண்டிய மீன் அது!

வால்பையில் சதுரக் கண் வலை தைத்தால் இழுக்கும்போதும் கண் திறந்தே இருக்கும், குஞ்சுகள் வெளியேறும். தடைக்காலத்தோடு இதையும் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். வாங்கும்போது உள்ளங்கை அகலம்கூட இல்லாத சங்கராவைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.