கணினி இயங்க மறுக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் உள்ள எங்கள் கணினியில் விசிறி சுழல்கிறது. திரை மட்டும் இருட்டாகவே இருக்கிறது. (பல்லடம்)

பெரும்பாலும் ரேம் என்னும் நினைவக அட்டையின் இடுக்கில் புகுந்த பஞ்சின் வேலைதான். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிடுங்கள். பிறகு ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பட்டைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துங்கள். பஞ்சை ஊதித்தள்ள ப்ளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. என்ன செய்வது? (பெருந்துறை)

விளக்கு எரிகிறதா, விசிறி சுழல்கிறதா, பீப் ஒலி வருகிறதா என்று ஒரு வரிகூட எழுதாதவருக்கு நான் என்ன சொல்ல? பெட்டியின் பின்புறமுள்ள சுவிட்சையாவது ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸ் வராமல் ‘ரிப்பேர்’ என்றே சுற்றிக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கை அழித்து ஃபார்மட் அடித்தால் சரியாகும் என்கிறார் மெக்கானிக். டேலி கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. (திருப்பூர்)

அடிக்க விடாதீர்கள். எந்தக் கோளாறுக்கும் ஃபார்மட்டே மருந்து என்னும் பழக்கத்தால், ஆண்டுக் கணக்கை மொத்தமாக இழந்துவிட்டு ஆடிட்டர் முன் கைபிசைந்து நின்ற பனியன் கம்பெனிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘டி டிரைவை அழிக்கவில்லையே’ என்பார்கள் மெக்கானிக்குகள். டேலி கோப்புறையோ பல கணினிகளில் சி டிரைவில்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பியின் வழியாக வேறொரு கணினியில் செருகி, கணக்கை நகலெடுத்த பின்பே மற்றதைத் தொட வேண்டும். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ ஓசை வந்தால் மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல், தரவு மீட்பவரிடம் கொடுத்துவிடுங்கள். டிஸ்க்குக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியையும் முன்னதாகவே தேடி வையுங்கள். நகல், நகல் என்று எத்தனை முறை எழுதுவது!

இடி மழைக்குப் பிறகு கணினியில் அசைவே இல்லை. மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி போய்விட்டதா? (பொள்ளாச்சி)

பிளக்கைப் பிடுங்கி, 24 முனை இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்றி, அதன் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் இணைத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். விசிறி சுழல்வதே போதிய சான்றாகிவிடாது. மல்டிமீட்டரில் மஞ்சள் கம்பி 12, சிவப்பு 5, ஆரஞ்சு 3.3 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கக்கூடும்.

ஒவ்வொரு நாளும் தேதி பழையதாகி, எஃப்1 அழுத்தச் சொல்கிறது. (கோபி)

மதர்போர்டில் தேதியைக் காக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான்.