ஆங்கிலச் சமையல் குறிப்பில் வரும் ரோஸ்ட், சாட்டே, ஃப்ரை, சிம்மர்: எது எது?

அதிகம் குழப்புவது ரோஸ்ட்தான். மேல்நாட்டுக் குறிப்பில் வெறுமனே ரோஸ்ட் என்றிருந்தால் பெரும்பாலும் ஓவனில் வைத்துச் சுடுவது. மல்லி, மிளகாயை எண்ணெயில்லாமல் வாணலியில் வறுப்பதை டிரை ரோஸ்ட் அல்லது டோஸ்ட் என்பார்கள். வெங்காயத்தைக் கொஞ்சம் எண்ணெயில் வதக்குவது சாட்டே. வடை, அப்பளம் பொரிப்பது டீப் ஃப்ரை.

சிம்மர் என்றால் தளதளவென்று கொதிக்காமல் சின்னச் சின்னக் குமிழி மட்டும் வரும் நிலை. பாயில் (boil), அதாவது தளதளவென்று கொதிப்பது என்று நினைத்துத் தீயைக் கூட்டினால் நீர் வற்றி அடிப்பிடிக்கும், தேங்காய்ப்பால் திரிந்துபோகும்.

அளவில் இன்னும் கவனம் வேண்டும். டீஸ்பூன் 5 மி.லி., டேபிள்ஸ்பூன் 15 மி.லி.; ஆஸ்திரேலியாவில் மட்டும் டேபிள்ஸ்பூன் 20 மி.லி. சுருக்கி எழுதும்போது சின்ன டி (t) டீஸ்பூன், பெரிய டி (T) டேபிள்ஸ்பூன். உப்பில் மாற்றிப் போட்டால் மூன்று மடங்காகி, வாயில் வைக்க முடியாமல் கரிக்கும்.