டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது டிஎஃப், பாதிகூட இல்லை என்கிறது டியூ. எதை நம்புவது?

கேள்வி இதுதான்: உபுண்டு சர்வர், 50 ஜிபி டிஸ்க், அதில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல் சிஸ்டம் இஎக்ஸ்டி4. டிஸ்க்கில் எவ்வளவு காலி என்று காட்டும் டிஎஃப் கமாண்டைப் போட்டால் மொத்தம் 50, பயன்பாடு 48, மீதம் 0 என்று வருகிறது. ஃபைல்கள் பிடித்திருக்கும் இடத்தைக் காட்டும் டியூ கமாண்டைப் போட்டுக் கூட்டினால் 17 ஜிபி சொச்சம்தான். 30 ஜிபிக்கு ஊதியிருந்த ஒரு லாக் ஃபைலை (புரோகிராம் தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவு) ஆர்எம் போட்டு அழித்தும் ஒரு எம்பிகூடத் திரும்பி வரவில்லை. ரீபூட் செய்யாமல் வழி உண்டா?

உண்டு. கமாண்டுகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன், டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கமாண்டும் உண்மையைத்தான் சொல்கின்றன. கேட்கிற இடம்தான் வேறு. டிஎஃப் ஃபைல்களை எட்டியே பார்க்காது. ஃபைல் சிஸ்டத்திடம் நேராகப் போய், எத்தனை பிளாக் (இடத்துண்டு) காலி என்று கேட்டு வந்துவிடும். எவ்வளவு பெரிய டிஸ்க்காக இருந்தாலும் சட்டென்று பதில் வருவது அதனால்தான். டியூ அப்படியல்ல. ஒவ்வொரு டைரக்டரியாக நுழைந்து, அங்கே பெயர் உள்ளதையெல்லாம் எண்ணிக் கூட்டும். ஆக, இரண்டுக்கும் நடுவே விழுகிற வித்தியாசம், இடத்தைப் பிடித்துக்கொண்டு டியூவின் கண்ணில் படாமல் இருக்கிற ஏதோ ஒன்று.

முதலில் ஒரு சின்ன சந்தேகம். டியூவை சூடோ (நிர்வாகி அனுமதியோடு ஓட்டுவது) போட்டுத்தானே ஓட்டினீர்கள்? சாதாரண பயனராக ஓட்டினால், அனுமதி இல்லாத டைரக்டரிகளை அது விட்டுவிட்டுப் போய்விடும். கூடவே -எக்ஸ் சேர்க்க வேண்டும். அப்போதுதான் அந்த ஒரு ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே நிற்கும், வேறு டிஸ்க்கில் இருப்பதையும் சேர்த்துக் குழப்பாது. இரண்டையும் செய்தும் 17தான் வருகிறது என்றால் மேலே படியுங்கள்.

நீங்களே கேள்வியில் விடையையும் வைத்துவிட்டீர்கள்: "அழித்தேன், இடம் வரவில்லை." லினக்ஸில் ஆர்எம் செய்வது டைரக்டரியிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிடுவது மட்டுமே. உள்ளே இருக்கும் தரவு ஐநோட் என்ற உள் பதிவோடு கட்டுப்பட்டிருக்கிறது. அந்த ஐநோடுக்கு ஒரு பெயரும் மிச்சமில்லாமல், எந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) அதைத் திறந்து வைத்திருக்காமல் இருந்தால்தான் லினக்ஸின் மையமான கெர்னல் அந்த இடத்தை விடுவிக்கும். உங்கள் அப்ளிகேஷன் அந்த லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறது. பெயர் போய்விட்டது, ஃபைல் போகவில்லை. டியூவுக்குப் பெயர் வேண்டும், அதனால் தெரியவில்லை. டிஎஃபுக்குப் பெயரைப் பற்றிக் கவலையே இல்லை.

யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டுவது எல்எஸ்ஓஎஃப். சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று அடியுங்கள். ப்ளஸ் குறி, பெரிய எல், அதோடு ஒட்டி 1. பெயர் ஒன்றுகூட இல்லாமல் திறந்திருக்கும் ஃபைல்களை மட்டும் அது பட்டியலிடும். பட்டியலில் சின்னச் சின்னதாக வேறு சிலவும் வரும், பதற வேண்டாம். தற்காலிக ஃபைலைத் திறந்த கையோடு பெயரை அழித்துவிட்டுப் பயன்படுத்துவது பல புரோகிராம்களின் வழக்கம். நீங்கள் தேட வேண்டியது அளவுக் கட்டத்தில் பெரிய எண் உள்ள வரியை. ஜாவா அப்ளிகேஷன் என்றால் கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: ஜாவா, 2217, பிறகு பயனர் பெயர், 4டபிள்யூ, அளவு 32212254720, கடைசியில் /வார்/லாக் என்று தொடங்கும் பழைய பாதை, அதன் வாலில் டெலீட்டட் என்ற சொல். அளவு பைட்டில் இருக்கும், மேலே உள்ளது சரியாக 30 ஜிபி. 2217 என்பது ப்ராசஸ் எண். 4டபிள்யூ என்றால் அந்த ப்ராசஸின் 4ஆம் ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலுக்கு அது வைத்திருக்கும் எண்), எழுதுவதற்காகத் திறந்தது.

அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய முடிந்தால் செய்துவிடுங்கள், கதை முடிந்தது. முழு சர்வரையும் ரீபூட் செய்யத் தேவையே இல்லை. அதற்கும் அனுமதி இல்லையென்றால், ஓடும் ப்ராசஸ்களின் விவரங்களைக் கெர்னல் காட்டும் /ப்ராக் டைரக்டரி இருக்கிறது. /ப்ராக்/2217/எஃப்டி/4 என்பது அந்தப் பெயரில்லாத ஃபைலுக்குள் போக இன்னும் திறந்திருக்கும் வாசல். சூடோ ட்ரன்கேட் -எஸ் 0 என்று அடித்து, பின்னால் இந்தப் பாதையைக் கொடுத்தால் ஃபைலின் நீளம் பூஜ்யமாகும், 30 ஜிபி அப்போதே திரும்பும். அப்ளிகேஷனுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எண்டரைத் தட்டும் முன் எல்எஸ்ஓஎஃப் வரியை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். டிஸ்கிரிப்டர் எண்ணை மாற்றிப் போட்டு டேட்டாபேஸ் ஃபைலைக் காலி செய்தால் அதற்கு மருந்து இல்லை.

அந்த லாக்கில் பார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால், காலி செய்வதற்கு முன் அதே பாதையை சிபி போட்டு வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். அழித்த ஃபைல் முழுசாக வரும். தெரியாமல் அழித்த ஃபைலை மீட்கவும் இதே வழிதான், யாராவது அதைத் திறந்து வைத்திருக்கும்வரை. ரீபூட்டை நான் கடைசியில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடம் கிடைத்துவிடும், ஆனால் ஏன் ஊதியது என்று காட்டக்கூடிய ஒரே சாட்சியும் அதோடு போய்விடும்.

ஒரு விநோதத்தைப் பார்த்தால் பயப்படாதீர்கள். அழிக்காத லாக் ஒன்றை இப்படிக் காலி செய்த கொஞ்ச நேரத்தில், எல்எஸ் -எல் அதே ஃபைலை மறுபடி 30 ஜிபி என்று காட்டலாம். அப்பெண்ட் முறையில் (எப்போதும் ஃபைலின் கடைசியில் சேர்ப்பது) திறக்காத புரோகிராம், தான் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து எழுதும். முன்னால் இருக்கும் 30 ஜிபி வெறும் ஓட்டை, டிஸ்க்கில் இடம் பிடிக்காது. அந்த ஃபைலுக்கு டியூ போட்டுப் பாருங்கள், சில கேபிதான் இருக்கும்.

சரி, இது திரும்ப வராமல் இருக்க? பழைய லாக்குகளை அவ்வப்போது ஒதுக்கும் லாக்ரொட்டேட் கருவியின் அமைப்பைத் திறந்து பாருங்கள். அது பழைய லாக்குக்குப் பெயர் மாற்றும், அமுக்கும், அப்புறம் மூலத்தை அழிக்கும். இதற்கு நடுவே புரோகிராமிடம் "லாக்கை மூடிவிட்டுப் புதிதாகத் திற" என்று யாராவது சொல்லியாக வேண்டும். என்ஜின்எக்ஸ் வெப் சர்வருக்கு யுஎஸ்ஆர்1 சிக்னல் போகும், அதை அனுப்புவது லாக்ரொட்டேட் அமைப்பின் போஸ்ட்ரொட்டேட் பகுதி. நாமே எழுதிய அப்ளிகேஷனுக்கு அந்தப் பகுதியை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை இந்தத் தொல்லையின் வேர் பெரும்பாலும் அங்கேதான். சிக்னலைப் புரிந்துகொள்ளாத புரோகிராம் என்றால் காப்பிட்ரன்கேட் என்ற ஒரு வரியைச் சேர்க்கலாம், லாக்கை நகலெடுத்துவிட்டு மூலத்தைக் காலி செய்யும். நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் இடையில் வருகிற சில வரிகள் தொலையக்கூடும், கணக்கு வழக்கு லாக்குக்கு அது ஆகாது. அப்புறம், இனி ஓடுகிற லாக்கை ஆர்எம் செய்யாதீர்கள், ட்ரன்கேட் செய்யுங்கள்.

48க்கும் 50க்கும் நடுவே இருப்பது எங்கே என்று யாராவது கேட்பார்கள். இஎக்ஸ்டி4 வழக்கமாக 5% இடத்தை ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்கென்று ஒதுக்கிவிடும், உங்கள் டிஸ்க்கில் அது இரண்டரை ஜிபி. டிஸ்க் நிறைந்தாலும் ரூட்டின் சர்வீஸ்கள் எழுதிக்கொண்டிருக்கட்டும் என்பதற்காக. ரூட் பார்ட்டிஷனில் (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதி) அதைத் தொடாதீர்கள். 4 டிபி பேக்கப் டிஸ்க்கில் 200 ஜிபி இப்படிச் சும்மா கிடப்பது மட்டும் வீண், அங்கே ட்யூன்2எஃப்எஸ் -எம் 1 போட்டு 1% ஆக்கலாம்.

எல்எஸ்ஓஎஃப் எதுவும் காட்டவில்லை, ஆனாலும் வித்தியாசம் இருக்கிறது என்பவர்கள் மவுண்டுக்கு (ஒரு டிஸ்க்கை ஒரு டைரக்டரியில் இணைப்பது) அடியில் பாருங்கள். உதாரணமாக, ஒருநாள் இரவு பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை, ஸ்கிரிப்ட் அது தெரியாமல் /எம்என்டி/பேக்கப் என்ற வெறும் டைரக்டரியில் எழுதித் தள்ளிவிட்டது, மறுநாள் டிஸ்க் அதன்மேல் மவுண்ட் ஆகி எல்லாவற்றையும் மூடிவிட்டது. ஃபைல்கள் ரூட் பார்ட்டிஷனில்தான் கிடக்கும், யார் கண்ணுக்கும் படாது. ஒரு காலி டைரக்டரியை உண்டாக்கி, மவுண்ட் --பைண்ட் கொடுத்து ரூட் பார்ட்டிஷனை அங்கே கொண்டுவந்து, அதற்குள் டியூ போடுங்கள். அடியில் இருப்பது தெரிந்துவிடும்.

இடம் தாராளமாக இருந்தும் "டிவைஸில் இடமில்லை" என்று பிழை வருகிறதா? அது வேறு நோய். டிஎஃப் -ஐ போடுங்கள். இஎக்ஸ்டி4 வழக்கமாக 16 கேபிக்கு ஓர் ஐநோட் என்ற கணக்கில் ஃபார்மட் செய்யும்போதே எண்ணிக்கையை நிர்ணயித்துவிடும். பிஎச்பி செஷன் ஃபைல்கள், நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் க்ரான் அனுப்பி யாரும் எடுக்காத மெயில்கள் என்று பொடிப்பொடியாக லட்சக்கணக்கில் சேர்ந்தால் ஐநோட் தீர்ந்துவிடும், பிழைச் செய்தி என்னவோ அதேதான். எந்த டைரக்டரி என்று டியூ --ஐநோட்ஸ் காட்டிக்கொடுக்கும். ஆர்எம் பின்னால் நட்சத்திரம் போட்டால் பட்டியல் நீளம் என்று மறுத்துவிடும், ஃபைண்ட் -டெலீட் போடுங்கள்.

உங்கள் பிரச்சினைக்கு இவ்வளவு தூரம் வரத் தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். எல்எஸ்ஓஎஃப் வரியைப் பார்த்துவிட்டு, அதில் என்ன ப்ராசஸ் இருக்கிறது என்று கருத்தில் போடுங்கள். அதற்கு எழுத வேண்டிய லாக்ரொட்டேட் பகுதியைச் சேர்த்தே பார்க்கலாம்.