ஜிம்னிக்கு 2 அங்குல லிஃப்ட் கிட்டை வீட்டிலேயே மாட்டலாமா?

தாராளமாக மாட்டலாம். லிஃப்ட் கிட் என்பது வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் ஸ்பிரிங், ஷாக் தொகுப்பு. சுசுகி ஜிம்னியில் முன்னும் பின்னும் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங் (சுருள் வில்). ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்ஸிலை மெதுவாக இறக்கினாலே ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். ஆனால் வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே போகாதீர்கள், சேசிஸுக்குக் கீழே இரண்டு ஸ்டாண்டு கட்டாயம். இறக்கும்போது கண் பிரேக் ஹோஸ் மேலேயே இருக்கட்டும், அது விறைத்து நின்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

பலரும் கோட்டைவிடுவது புஷ்ஷில்தான், அதாவது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளையில். ஆர்ம் (ஆக்ஸிலைச் சேசிஸோடு இணைக்கும் கை), பன்ஹார்ட் ராடு (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போதே இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழியும். அதனால் கையால் மாட்டி வைத்து, நான்கு சக்கரமும் தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்க உதவும் ஸ்பானர்) இறுக்குங்கள்.

அப்புறம், 2 அங்குலம் உயர்ந்தால் காஸ்டர் கோணம் (முன் சக்கரத்தின் திருப்பு அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறைந்து நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் அலையும், ஆக்ஸிலும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். அந்தக் கோணத்தைச் சரிசெய்யும் காஸ்டர் புஷ்ஷையும் நீளம் மாற்றக்கூடிய பன்ஹார்ட் ராடையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். முகப்பு விளக்கையும் சற்றுத் தாழ்த்துங்கள், எதிரே வருபவருக்குக் கண் கூசும்.