கணவரின் தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். எனக்கு 29 வயது, 9 வாரக் கர்ப்பம். மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா? மாமியார் வேண்டாம் என்கிறார்.

உங்கள் மாமியாருக்கு ஏன் வருத்தம் என்று எனக்குத் தெரியும். “இவனைப் போல ஒன்று வந்துவிடக் கூடாது என்றுதானே பார்க்கிறீர்கள்” என்று அவர் காதில் விழுகிறது. என் அம்மாவின் காதிலும் அப்படித்தான் விழுந்தது. என் அண்ணனுக்கு டவுன் சிண்ட்ரோம். இப்போது அவனுக்கு 36 வயது.

நான் மருத்துவர் இல்லை, பள்ளி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் என் பிரசவத்தின்போது அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

பரிசோதனை பற்றி அம்மாவிடம் சொன்னபோது முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிராமலே, “அவனுக்கு நான் இருந்தேன். உன் பிள்ளைக்கு நீ இருப்பாயா, வேலைக்குப் போவாயா?” என்று கேட்டார். எடுத்துக்கொள் என்று சொன்னாரா, எடுக்காதே என்று சொன்னாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மரபணு மருத்துவர் முதலில் கேட்டது என் ரத்தத்தை அல்ல. அண்ணனின் குரோமோசோம் அறிக்கையை. குரோமோசோம் என்பது உடலின் செல்களுக்குள் மரபணுக்களைச் சுமக்கிற இழை. அதுவரை யாரும் கேட்டதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறக்குறைய 95 சதவீதம் பேருக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடுதலாக இருக்கும். அது தலைமுறை வழியாக வருவதில்லை. மூன்று நான்கு சதவீதம் பேருக்குத்தான் அந்தக் கூடுதல் பகுதி வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். அந்த வகையில் மட்டும், நன்றாக இருக்கிற உடன்பிறந்தவர்கூட அதைச் சுமந்து தன் பிள்ளைக்குக் கொடுக்கலாம். அப்பா 1991இல் சென்னையில் எடுத்துவந்த தாள் பீரோவில் கிடைத்தது. தட்டச்சில் ஒரே வரி: 47, எக்ஸ்.ஒய்., +21. தனியாக ஒன்று கூடுதல். முப்பது வருடமாகச் சொந்தக்காரர்கள் “அந்தக் குடும்பத்தில் ரத்தத்திலேயே இருக்கிறது” என்று பேசிவந்ததற்கு அந்த ஒரு வரி போதுமான பதில். என் கல்யாணத்துக்கு முன்பே யாராவது அதைப் படித்துச் சொல்லியிருந்தால் இரண்டு வரன்கள் தட்டிப்போயிருக்காது. போகட்டும்.

அப்படியிருந்தும் 12ஆம் வாரத்தில், கருவின் பிடரியில் உள்ள நீர்த்தடிப்பை அளக்கிற என்.டி. ஸ்கேனும், தாயின் ரத்தத்தில் இரண்டு பொருள்களின் அளவைப் பார்க்கிற டபுள் மார்க்கரும் எடுத்துக்கொண்டேன். அண்ணனுக்குத் துரோகம் செய்துவிட்டேன் என்று எழுத இரண்டு பேர் வருவார்கள் என்று தெரியும். வரட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கிறது. அண்ணனின் இதயத்தில் ஓட்டை இருப்பது அவனுக்கு மூன்று வயதான பிறகுதான் தெரிந்தது. அதுவரை சளி, சளி என்று அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். முன்கூட்டியே தெரிந்தால், குழந்தை இதய மருத்துவர் இருக்கிற இடத்தில் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். கலைப்பதற்காக மட்டும் இந்தப் பரிசோதனை என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும். முழு உண்மை அதுவும் இல்லை. “வந்தால் என்ன செய்வோம்?” என்று கணவர் ஒரு ராத்திரி கேட்டார். நான் தூங்குவதுபோலப் படுத்திருந்தேன்.

குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிற வாய்ப்பு 890க்கு 1 என்று முடிவு வந்தது. கணவர் இனிப்பு வாங்கிவந்தார். எனக்கு என்னவோ அந்த ஒன்றின் மேலேயே கண் போனது. அண்ணன் பிறந்தபோது அம்மாவுக்கு 23 வயதுதான்; அவர் கணக்கில் இன்னும் பெரிய எண்ணுக்கு ஒன்றாக இருந்திருக்கும். இந்த எண் வெறும் வாய்ப்புதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். டபுள் மார்க்கரும் சரி, 10 வாரத்துக்குப் பிறகு தாயின் ரத்தத்திலேயே குழந்தையின் மரபணுத் துணுக்குகளைப் பார்க்கிற என்.ஐ.பி.டி.யும் சரி, வாய்ப்பு கூடுதலா குறைவா என்று சலித்துத்தான் காட்டும். உறுதி செய்யப் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடியின் ஒரு துணுக்கையோ ஊசியால் எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கரு கலைகிற அபாயம் சிறிதளவு உண்டு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. அண்ணனின் ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்கப் போன மாதம் அவனை இரண்டு மாடி ஏற்றினேன். லிப்ட் வேலை செய்யவில்லை. “குறைபாடு இன்னும் இருக்கிறதா?” என்று ஓர் எழுத்தர் கேட்டார். குரோமோசோம் என்ன, காய்ச்சலா, இறங்கிப்போக? கருவில் கண்டுபிடிக்க இத்தனை இயந்திரம் வைத்திருக்கிற ஊரில், பிறந்து வளர்ந்தவன் உட்கார அங்கே ஒரு நாற்காலி இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கொழுந்தனாருக்கும் தனியாக ஒன்று கூடுதல் என்றால், அவரால் உங்களுக்கு அபாயம் கூடுவதில்லை. உங்கள் வயதுக்குரிய, ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்புதான். ஒட்டிய வகை என்றால் உங்கள் கணவரின் ரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். என்.டி. ஸ்கேனுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் போனால் போதும், நேரம் இருக்கிறது. அதற்குள் மாமியாரிடம் அந்தப் பழைய அறிக்கையைக் கேளுங்கள். அவரிடம்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அது ஜாதகக் கட்டுக்குள் இருந்தது.