ரோலர் ராக்கர் ஆர்ம் போட்டால் போட்ட காசு திரும்புமா?

கேள்வி: என் 100 சிசி பைக்கில் டேப்பட் சத்தம் வருகிறது. சாதா ராக்கர் ஆர்மை எடுத்துவிட்டு ரோலர் வைத்ததைப் போட்டால் சத்தமும் போகும், மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்கிறார்கள். செலவு செய்யலாமா?

தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் வேண்டாம். ராக்கர் ஆர்ம் என்பது ஒரு சின்ன நெம்புகோல். கேம் என்கிற மேடு வைத்த தண்டு சுற்றி ஒரு முனையைத் தள்ளும்போது, அது மறுமுனையால் வால்வை அழுத்தித் திறக்கும். ரோலர் வைத்ததில் கேம் தொடுகிற இடத்தில் உருளை இருக்கும். இதே யோசனையோடு நானும் என் சித்தப்பா மகனும் ஒரே வருடத்தில் அலைந்தோம். நான் பழைய மாதிரியே புது ராக்கர் போட்டேன், அவன் ரோலர் போட்டான். இரண்டு கதையும் கையில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

என் வண்டி குலசேகரத்திலிருந்து தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குத் தினமும் போய்வருவது. போக வர 60 கிலோமீட்டர் ஆகும். எனக்கு முன்னால் அப்பா ஓட்டினார். ரப்பர் பால்வெட்டுக்கு விடியும் முன்னே கிளம்புகிறவர், கிக்கரை மிதித்த கையோடு கியரைப் போட்டுத் தோட்டத்து ஏற்றத்தில் ஏற்றிவிடுவார். ராக்கர் இருப்பதோ இன்ஜினின் உச்சியில், ஹெட்டுக்குள். ஆயில் பம்ப் கீழே இருக்கிறது. ராத்திரி முழுக்க வடிந்து இறங்கிய ஆயில் மறுபடி மேலே போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதுவரை கேமும் ராக்கரும் மிச்சமிருக்கும் ஆயில் பசையில்தான் உரச வேண்டும். இன்ஜின் 6000 ஆர்.பி.எம்மில் சுற்றும்போது கேம் அதில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு ராக்கரும் நொடிக்கு 50 தடவை வால்வை அழுத்துகிறது. ஆயில் சரியில்லாவிட்டால் அந்த உரசல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

தக்கலையில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "அண்ணே, ரோலர் ராக்கர் போட்டிரலாமா?" என்றேன். அவர் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "மக்களே, ஆயிலு எப்ப மாத்துன?" என்றார். எனக்குத் தேதி நினைவில்லை. மேற்கொண்டு எதுவும் கேட்காமல் ஸ்பேனரை எடுத்துவிட்டார்.

திறந்து பார்த்தால், ராக்கரில் கேம் உரசுகிற முகத்தில் நகத்தை வைத்தாலே குழி தட்டுப்பட்டது. கேமின் மூக்கிலும் கீறல். அதோடு விடாமல் கிளட்ச் பக்கக் கவரையும் கழற்றினார். ஆயில் வலையிலும், ஆயிலைச் சுழற்றி அழுக்குப் பிரிக்கிற ரோட்டரிலும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது. ஹெட்டுக்கு ஆயில் போகாமல் பட்டினி கிடந்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யாமல் எவ்வளவு விலையுள்ள ராக்கரைப் போட்டிருந்தாலும் அதுவும் தேய்ந்திருக்கும். ரோலர் என்றால் இன்னொரு பயமும் உண்டு. அதற்குள் இருக்கிற ஊசி பேரிங் உடைந்தால் துண்டுகள் இன்ஜினுக்குள் விழும்.

ராக்கர் இரண்டு, கேம், கேஸ்கெட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு 3,000 ரூபாய்க்குள் முடிந்தது. குழி விழுந்த கேமை அப்படியே விட்டுவிட்டு ராக்கரை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். பழைய கேம் புது ராக்கரைச் சீக்கிரமே தின்றுவிடும்.

தம்பி இணையத்தில் ரோலர் செட் வாங்கினான். ராக்கர் மட்டும்தான், கேம் பழையதே. சத்தம் கொஞ்சம் குறைந்தது. பிக்கப் குறைந்தது அதைவிட அதிகம்! அவனுக்குக் காரணம் புரியவில்லை. நானும் பிறகு விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். சாதா ராக்கரின் முகம் அகலமாக, லேசான வளைவோடு இருக்கும். கேமின் மேடு அந்த முகத்துக்கு என்றே கடையப்பட்டது. மேடு ஏறத் தொடங்கும்போதே அகலமான முகத்தில் தட்டிவிடும், இறங்கும்போதும் கடைசிவரை பிடித்திருக்கும். அதே இடத்தில் சின்ன உருளையை வைத்தால் அது மேட்டைத் தாமதமாகத் தொட்டு, சீக்கிரம் விட்டுவிடும். வால்வு திறந்திருக்கும் நேரம் சுருங்குகிறது, உள்ளே போகிற காற்றும் குறைகிறது. அதனால்தான் ரோலர் போடுகிறவர்கள் அதற்கென்று கடைந்த கேமையும் சேர்த்தே போடுகிறார்கள். இது தெரியாமல் அவன் போட்டது 4,500 ரூபாய்.

ரோலரே ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. கம்பெனியே ரோலர் ராக்கரோடு விடுகிற வண்டிகள் உண்டு. உராய்வு குறைவதால் குறைந்த ஆர்.பி.எம்மில் நிஜமாகவே பலன் இருக்கிறது. ஆனால் அங்கே கேம், ஸ்பிரிங், ராக்கர் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாக வடிவமைத்திருப்பார்கள்.

இந்த ஆசை பெரும்பாலும் அமெரிக்க வி8 (எட்டு சிலிண்டர்) கார் வீடியோக்களைப் பார்த்து வருவது. அங்கே கணக்கே வேறு. 1955-இல் வந்த செவ்ரோலே ஸ்மால் பிளாக் இன்ஜினில் ராக்கரின் விகிதம், அதாவது கேம் தூக்குவதைப் போல வால்வு எத்தனை மடங்கு திறக்கும் என்பது, 1.5. அதை எடுத்துவிட்டு 1.6 போடுவார்கள். கேம் 7.5 மில்லிமீட்டர் தூக்கினால் வால்வு 11.25 திறந்த இடத்தில் 12 திறக்கும். கேமைத் தொடாமலே வால்வு அதிகம் திறப்பதால் அவர்களுக்கு அது லாபம். அப்போதும் ஸ்பிரிங் முழுதாக நசுங்குகிறதா, வால்வு பிஸ்டனைத் தொடுகிறதா என்று அளந்து பார்க்காமல் போட்டால் இன்ஜின் போய்விடும். கடினமான ஸ்பிரிங், பெரிய கேம், பந்தய ஓட்டம் என்று போகிறவர்களுக்கு நல்ல ராக்கர் அவசியம்தான். எட்டு குதிரைத்திறன் வண்டியில் பேச்சிப்பாறைக்கு ரப்பர் ஷீட் கட்டிக்கொண்டு போகிறவருக்கு அது எதற்கு?

சரி, உங்கள் சத்தத்துக்கு வருவோம். முதலில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது டேப்பட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கிற சந்தை, ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டியோடு வந்த புத்தகத்தில் அளவு இருக்கும். சத்தமே வரக்கூடாது என்று இறுக்கி வைக்கச் சொல்லாதீர்கள். இறுக்கினால் வால்வு முழுதாக மூடாமல் சைலன்சர் பக்கத்து வால்வு கருகிவிடும். லேசாக டிக் டிக் என்று கேட்பதுதான் நல்லது. அதன் பிறகும் சத்தம் நின்றால்தானே என்று அடம்பிடித்தால், கேமைச் சுற்றுகிற டைமிங் செயினைப் பார்த்துவிட்டு ஹெட் கவரைத் திறங்கள். ராக்கரில் குழி இருந்தால் கம்பெனி பாகமே போடுங்கள். டூப்ளிகேட்டில் அந்த முகம் சரியாகக் கடினமாக்கப்படாமல் இருந்தால், இதே வேலையைச் சில மாதங்களில் மறுபடி செய்ய வேண்டிவரும்.

தம்பியும் கடைசியில் சாதா ராக்கருக்கே திரும்பிவிட்டான். கழற்றிய ரோலர் செட் அவன் வீட்டு அலமாரியில் துணி சுற்றிப் பத்திரமாக இருக்கிறது. பந்தய வண்டி கட்டுகிறவர்கள் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருவானாம். கேம் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும்.