வேளச்சேரியில் என் கடை எது?

கேள்வி: வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மதுரையில் எனக்கென்று ஒரு டீக்கடை, ஒரு பேக்கரி, ராத்திரி இட்லிக்கு ஒரு கடை இருந்தன. இங்கே செல்போனில் நட்சத்திரம் பார்த்துத்தான் போகிறேன். பாதி நாள் ஏமாற்றம், பணமும் கரைகிறது. நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகி, வேளச்சேரி)

பதில்: மதுரையில் ராத்திரி இட்லி சாப்பிட்டுப் பழகியவரின் வருத்தம் எனக்குப் புரிகிறது. நாலு மாதம் போதாது, கொஞ்சம் பொறுங்கள்.

சின்னக் கடைகளில் எல்லாப் பண்டமும் நன்றாக அமைவது அபூர்வம். ஒரு பண்டம், அது சூடாக இறங்குகிற ஒரு நேரம், இந்த இரண்டும் தெரிந்தால் கடையே பிடிபட்டுவிடும். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸுக்குக் காலை இட்லி, பொங்கலுக்காகப் போகிறார்கள். தாமதமாகப் போனால் தீர்ந்திருக்கும். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948 முதல் இருக்கிறது. அங்கே இட்லி மூழ்குகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள். முதல் தடவை போய் வேறு எதையாவது வாங்கிச் சாப்பிட்டால், ஊரே ஏன் அந்தக் கடையைப் பேசுகிறது என்று தெரியாமலே திரும்புவீர்கள். மயிலாப்பூர் காளத்தி பத்திரிகை விற்கிற கடை. பெயர் வாங்கியது ரோஸ்மில்க்கால்! ‘நல்ல உணவகம்’ என்று தேடினால் இப்படி ஒரு கடை எப்படிக் கண்ணில் படும்?

நட்சத்திரத்தில் இதெல்லாம் தெரியாது. வண்டி நிறுத்த இடமில்லை என்று கோபப்பட்டவர் போட்ட ஒன்றும், தெரிந்தவர் கடை என்று போட்ட ஐந்தும் அதில் கலந்திருக்கின்றன. கடைசி இரண்டு மாதத்துக் கருத்துகளை மட்டும் படியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே பண்டத்தின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மூன்று நட்சத்திரம் போட்டவர்கள் சொல்வதை நான் அதிகம் நம்புகிறேன். நல்லது, கெட்டது இரண்டையும் எழுதுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

அப்புறம், நடக்க வேண்டும். விஜயநகர் பேருந்து நிலையத்தைச் சுற்றியும், தண்டீஸ்வரம் பக்கத்துத் தெருக்களிலும் காலை ஏழரை மணிக்கு ஒரு நாள், மாலை ஐந்து மணிக்கு ஒரு நாள் நடந்து பாருங்கள். ஆட்டோ ஓட்டுகிறவரிடமோ அடுக்குமாடிக் காவலாளியிடமோ “நல்ல கடை எது?” என்று கேட்டால், உங்கள் தோற்றத்தைப் பார்த்து ஒரு ஏசி ஓட்டலைச் சொல்வார்கள். “அண்ணே, இன்னைக்குக் காலையில நீங்க எங்க சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.

முதல் முறை இரண்டு இட்லி, ஒரு காபி போதும். மாவு புளித்திருக்கிறதா, சட்னி அன்றைக்கு அரைத்ததா, டிகாக்‌ஷன் புதிதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். சின்னக் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிகிற சோதனை இது. பிடித்திருந்தால் வாரத்தின் இன்னொரு நாள் போங்கள். ஞாயிற்றுக்கிழமை இருந்த ருசி செவ்வாய்க்கிழமையும் இருந்தால் அது உங்கள் கடை.

கேள்வி: பேக்கரியில் பண்டம் அன்றைக்குச் செய்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: “பன் எத்தனை மணிக்கு வரும்?” என்று கேளுங்கள். அங்கேயே சுடுகிற கடை என்றால் உடனே மணி சொல்வார்கள். இழுத்தால், வேறெங்கோ செய்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அது தப்பில்லை, ஆனால் வாங்கும் நேரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பல்பு எரிகிற கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பப்ஸ் தொட்டால் சூடாகத்தான் இருக்கும். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஓரம் சவசவவென்று இருந்தால் பழசு. கிரீம் கேக் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தால் வாங்கவே வேண்டாம். பாக்கெட்டில் அடைக்காமல் தட்டில் வைத்து விற்கிற இனிப்புகளுக்கும், எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடையில் எழுதி வைப்பது 2020 அக்டோபர் 1 முதல் கட்டாயம். எழுதவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

பழைய பேக்கரி பிடிக்கும் என்றால் ஒரு விடுமுறை நாளில் வேப்பேரிப் பக்கம் ஸ்மித் ஃபீல்டுக்குப் போய் வாருங்கள். 1885-இல் தொடங்கியது. எனக்கு அந்த மாதிரிக் கடையில் நுழைந்ததும் வருகிற ரொட்டி வாசனைக்காகவே போகப் பிடிக்கும்.

கேள்வி: ஒரு கஃபேயில் பில்லோடு 10 சதவீதம் சேவைக் கட்டணம் போட்டார்கள். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. டிப்ஸ் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம். ஜிஎஸ்டி வேறு, சாதாரண உணவகங்களில் அது 5 சதவீதம். விற்பனையில் ஒரு சின்ன சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற சின்னக் கடைகள் அதையும் உங்களிடம் வசூலிக்கக் கூடாது. பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு (FSSAI) உரிம எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் மேலாளரிடம் சொல்லி அந்தச் சேவைக் கட்டணத்தை எடுக்கச் சொல்லுங்கள். பரிமாறிய பையனிடம் கோபப்பட வேண்டாம், பில் போடுவது அவர் இல்லை. மறுத்தால் பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.